கோட்டுகாலில் வெளிநாட்டு விருந்தினர்: 24 மணி நேரத்தில் செய்ய வேண்டியது

திருவனந்தபுரம் மாவட்டம், நெய்யாற்றின்கரை வட்டத்தில் விழிஞ்சத்தை அடுத்துள்ள கோட்டுகால் ஊராட்சிக்கு ஆயுர்வேத சிகிச்சைக்காகவும், சொவ்வரை கடற்கரைக்காகவும் வெளிநாட்டினர் வருகின்றனர். அவர்களில் விடுதியைத் தவிர்த்து வீடுகளில் தங்குவோரும் உண்டு. சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

வெளிநாட்டவருக்குத் தங்க இடம் அளிப்பவர், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்கு இணையவழியில் தகவல் தெரிவிக்க வேண்டும். 'சி' படிவம் என்று பரவலாக அறியப்படும் இந்தக் கடமை விடுதிகளுக்கு மட்டுமன்றி தனி வீடுகளுக்கும் உண்டு. இலங்கை, மலேசியக் கடவுச்சீட்டில் வரும் உறவினரை வாடகையின்றித் தங்கவைத்தாலும் இதுவே விதி.

படிவத்தில் கடவுச்சீட்டு, விசா விவரங்களும் புகைப்படமும் கேட்கப்படும். ஆனால், வீட்டு உரிமையாளர் முதலில் அந்த இணையதளத்தில் பதிவு செய்து ஒப்புதல் பெற வேண்டும். விருந்தினர் வாசலுக்கு வந்தபின் தொடங்கினால் 24 மணி நேரம் போதாமல் போகலாம். பயணம் உறுதியானதுமே விண்ணப்பிப்பது நல்லது.

தகவல் அளிப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு என்றாலும், அதன் நகலைப் பயணி கேட்டுப் பெறுவது அவசியம். விசா நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும்போது இந்த நகல் கேட்கப்படும்.

சிகிச்சையே நோக்கமெனில், 2023-இல் அறிமுகமான ஆயுஷ் விசாவைப் பெற்று வருவதே முறை. சுற்றுலாப் பயணிகள் உதவிக்கு 1363 என்ற எண்ணையும், அவசர நிலையில் 112-ஐயும் அழைக்கலாம்.