பழைய வேட்டியில் பருத்தி மடி, பழைய சட்டையில் மருந்தடிக்கும் அங்கி

பருத்தி எடுக்கப் போகும் பெண்கள் காட்டில் இறங்குமுன் இரண்டு காரியம் செய்வார்கள். சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொள்வார்கள். பிறகு ஒரு பழைய துணியை இடுப்பில் கட்டி, முனைகளைத் தூக்கிச் செருகி மடியாக்கிக்கொள்வார்கள். பெரம்பலூர், அரியலூர் பக்கமானாலும் விருதுநகர் கரிசலானாலும் இந்தக் காட்சி ஒன்றுதான். எந்த அலுவலகமும் சொல்லிக் கொடுத்து வந்த பழக்கம் அல்ல இது. காய்ந்த சப்பையின் முனை கையைக் கீறும், வெயில் தோலை எரிக்கும் என்று பட்டுத் தெரிந்துகொண்டது.

இந்தச் சட்டையையும் மடியையும் கொஞ்சம் வெட்டித் தைத்துக்கொண்டால் வேலை இன்னும் சுலபமாகும். பஞ்சுக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது. புதுத்துணி எதுவும் வாங்க வேண்டாம். பெட்டியின் அடியில் கிடக்கும் வேட்டியும் சட்டையும் போதும்.

முதலில் மடி. இடுப்பில் முடிச்சுப் போட்டுக் கட்டும் மடியில் பாரம் முழுவதும் முடிச்சில் விழுகிறது. பகல் முழுக்கக் குனிந்து நிமிரும்போது முடிச்சு இடுப்பை அறுக்கும், அவிழும், மறுபடி கட்ட வேண்டும். அதைவிடப் பெரிய சங்கடம் துணியிலேயே இருக்கிறது. இன்று வீட்டில் பழசாகிக் கிடப்பது பெரும்பாலும் நைலக்ஸ், பாலியெஸ்டர் சேலைகள். அதுவும் இல்லாவிட்டால் உரச்சாக்கு. இவற்றிலிருந்து பிரியும் இழை பருத்தியோடு கலந்தால் ஜின்னிங் மில்லில் அதைத் தனியே எடுக்க முடியாது. துண்டு துண்டாக அறுபட்டுப் பஞ்சுக்குள் பரவி, நூலாகி, துணியாகிவிடும். சாயம் போடும்போதுதான் தெரியும். பஞ்சு சாயத்தைப் பிடிக்கும், பிளாஸ்டிக் இழை பிடிக்காது. துணி முழுக்கப் புள்ளி விழும். நம் நாட்டுப் பஞ்சின் மேல் நூற்பாலைக்காரர்கள் சொல்லும் பழைய குறைகளில் இது ஒன்று. தலைமுடியும் வண்ண நூலும் இதே தொல்லைதான். அதனால்தான் எடுப்பின்போது தலைக்கு வெள்ளைப் பருத்தித் துணி கட்டச் சொல்வது. மடியும் வெள்ளைப் பருத்தித் துணியாகவே இருக்கட்டும்.

நாலு முழ வேட்டி ஒன்றில் இரண்டு மடி தைக்கலாம். வேட்டி சுமார் 78 அங்குல நீளம், 50 அங்குல அகலம் இருக்கும். துவைத்துத் துவைத்துச் சுருங்கியிருந்தால் அளந்து பார்த்துக் கணக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். வெட்டுவதற்கு முன் வேட்டியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். உட்காருமிடத்தில் நைந்துபோன வேட்டி அங்கே மட்டும் சல்லடையாகத் தெரியும். அந்த இடம் நெஞ்சுப் பக்கம் வருமாறு வெட்டுங்கள், பாரம் தாங்கும் பைப் பக்கம் வரக் கூடாது. இரு கட்டை விரலாலும் துணியை இழுத்துப் பார்த்தால் ‘சர்’ரென்று கிழிகிறதா, தாங்குகிறதா என்பது தெரிந்துவிடும். சரிகைக் கரை இருந்தால் அதை வெட்டி எறிந்துவிட வேண்டும். சரிகை இழையும் பிரியும்.

நீளத்தில் 30 அங்குலமாக இரண்டு துண்டு வெட்டினால் மிச்சம் 18 அங்குலம் நிற்கும். அந்த மிச்சத்தை 3 அங்குல அகலத்தில் ஆறு பட்டைகளாகக் கிழித்துக்கொள்ளலாம். ஒரு மடிக்கு மூன்று பட்டை. இப்போது ஒரு துண்டு 30 அங்குல அகலமும் 50 அங்குல உயரமுமாக இருக்கும். மேலும் கீழும் வேட்டிக் கரை வருவதால் அங்கே நூல் பிரியாது, மடித்துத் தைக்கும் வேலை இல்லை. மேல் மூலைகள் இரண்டிலும் அகலத்தில் 9 அங்குலமும் உயரத்தில் 14 அங்குலமும் விட்டு வளைவாக வெட்டினால் நெஞ்சுப் பகுதிக்கு 12 அங்குலம் நிற்கும். பக்க ஓரங்களையும் வளைவையும் இரண்டு மடிப்பாக மடித்துத் தையுங்கள். நூல் வெளியே தொங்கினால் அதுவே பஞ்சில் விழும். பிறகு கீழ் ஓரத்தை 18 அங்குலம் மேலே மடக்கி, இரு பக்கமும் இரட்டைத் தையல் போட்டால் பை தயார். பையின் வாய் மூலை இரண்டிலும் முக்கோணமாக ஒரு தையல் கூடுதலாக ஓட்ட வேண்டும். முதலில் பிய்வது அந்த இடம்தான்.

பட்டைகளில் இரண்டை முழுசாகத் தோள்பட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுப் பகுதியின் மேல் மூலைகளில் தைத்து, தோள் வழியாக முதுகில் குறுக்கே விட்டு, எதிர்ப் பக்க இடுப்பில் வளையம் வைத்துக் கட்ட வேண்டும். கழுத்தில் மாட்டும் மாதிரி தைப்பது சுலபம்தான், ஆனால் மடி நிறைய நிறைய பிடரி வலிக்கும். குறுக்குப் பட்டையில் பாரம் இரண்டு தோளுக்கும் பிரிந்துவிடுகிறது. மூன்றாவது பட்டையைப் பாதியாக வெட்டினால் இடுப்புக் கயிறு ஆயிற்று. மூலையில் வெட்டிய துண்டுகளில் ஒன்றை வளையத்துக்கும் இன்னொன்றை மடியின் வெளிப்பக்கம் சிறு பைக்கும் பயன்படுத்தலாம். புழு தின்ற சுளை, கறைபட்ட சுளை அந்தப் பைக்குள் போகட்டும். நல்ல பருத்தியோடு கலந்துவிட்டுப் பின்னால் களத்தில் உட்கார்ந்து பொறுக்குவதைவிட, எடுக்கும்போதே பிரிப்பது லேசு. தையலுக்குப் பருத்தி நூல் மட்டுமே, வெள்ளை நிறத்தில். தையல் இயந்திரம் இல்லாதவர்கள் கையாலேயே பின்தையல் போடலாம். ஒரு மழை நாள் மதியம் போதும்.

இதே மடியைக் கடலை ஆய, மிளகாய் பறிக்க, மல்லி பறிக்க எல்லாம் கட்டிக்கொள்ளலாம், அங்கே வண்ணச் சேலைத் துணி இருந்தாலும் குற்றமில்லை. வெண்டை பறிக்கிறவர்களுக்கு மடியைவிடக் கைதான் கவலை. வெண்டையின் பூமுள் பட்டு அரிப்பெடுக்கும். பழைய சட்டையின் கைகளை மட்டும் வெட்டி, மேல் முனையில் எலாஸ்டிக் கோத்து மாட்டிக்கொண்டால் வேர்வையும் குறைவு.

இனி மருந்தடிக்கும் அங்கி. இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் ‘பழைய சட்டை ஒன்று போட்டுக்கொண்டால் போதும்’ என்ற எண்ணம் பலரிடமும் உண்டு. 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலியாட்களுமாக 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். செடி ஆளுயரம் வளர்ந்திருந்தது, மருந்துகளைக் கலந்து அடித்தார்கள், உடம்பில் தகுந்த காப்பு இல்லை. மருந்து மூக்கு வழியாக மட்டும் உள்ளே போவதில்லை. தோல் வழியாகவும் போகும், அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் அல்ல. முன்கையைவிடத் தொடை இடுக்கில் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நனைந்த செடிக்குள் நடப்பவருக்கு எங்கே ஆபத்து என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

பழைய முழுக்கைச் சட்டையை அங்கியாக்க ஒரு எளிய வழி, அதை முன்பின்னாக மாற்றிப் போடுவது. பொத்தான் பட்டி முதுகுக்குப் போய்விடும், முன்புறம் இடைவெளி இருக்காது. பொத்தான் மாட்டிவிட மட்டும் இன்னொருவர் வேண்டும். சட்டைப் பையைப் பிரித்து எடுத்துவிடுங்கள், சாரல் தேங்கும் இடம் அது. மணிக்கட்டில் நாடா வைத்து இறுக்கலாம். சட்டையின் கீழே பழைய பெட்ஷீட்டை ஒட்டுக் கொடுத்து முழங்காலுக்குக் கீழ் வரை நீட்ட வேண்டும். துணி நெருக்கமாக நெய்ததாக இருக்கட்டும், மெல்லிய மல் துணி உதவாது. உள்ளே கால்சட்டையும் காலில் பூட்ஸும் அவசியம்.

ஆனால் துணி என்பது துணிதான். நனைந்த துணி மருந்தைத் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும், வெறும் உடம்பைவிடச் சில நேரம் அது மோசம். அதனால் மருந்தை அளந்து ஊற்றிக் கலக்கும்போது துணி அங்கிக்கு மேல் நீர் புகாத ஒன்று வேண்டும். கிழிந்த மழைக்கோட்டு, ரெக்ஸின் மேசைவிரிப்பு எதையாவது மடியின் அளவிலேயே வெட்டி, பை இல்லாமல், நெஞ்சிலிருந்து முழங்கால் வரை கட்டிக்கொள்ளலாம். நீர்த்த மருந்தைவிட டப்பாவில் இருக்கும் மருந்து பல மடங்கு வீரியம் என்பதால் கலக்கும் அந்த ஐந்து நிமிடமே மிகவும் ஆபத்தானது. கைத்தெளிப்பான் கசிந்தால் நனைவது முதுகு. ஆகவே முதுகுக்கும் ஒரு ரெக்ஸின் துண்டு தைத்துவிடுங்கள், கூடவே வாஷரையும் மாற்றுங்கள். டப்பாவில் சிவப்பு, மஞ்சள் முக்கோணம் போட்ட மருந்துக்கு வீட்டில் தைத்த அங்கியை நம்பக் கூடாது. லேபிளில் சொன்ன காப்புடை, கையுறை, முகமூடி இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

பருத்தித் துணியில் கெட்டியாகக் கஞ்சி போட்டு உலர்த்துவது நம் வீடுகளில் உள்ள பழக்கம். அங்கிக்கும் அது பலன் தருகிறது. மருந்துத் துளி கஞ்சியில் சிக்கிக்கொண்டு, துவைக்கும்போது கஞ்சியோடு சேர்ந்து கழன்று போகும். ஒவ்வொரு துவையலுக்குப் பிறகும் மறுபடி கஞ்சி போட வேண்டும். மழையிலோ பனியிலோ நனைந்தால் இந்தப் பலன் போய்விடும்.

அங்கியை அன்றன்றே துவைத்துவிட வேண்டும். பெரும்பாலும் இந்த வேலை வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழுகிறது, மருந்தே அடிக்காத அவர்கள் கையில் மருந்து ஏறுகிறது. கையுறை போட்டுக்கொண்டு, தனி வாளியில், சூடான நீரும் சோப்புத் தூளும் விட்டு, மற்ற துணியோடு சேர்க்காமல் இரண்டு முறை அலச வேண்டும். குளத்திலோ கிணற்றடியிலோ அலசக் கூடாது. வெயிலில் காயவைத்து, அரிசி, பருப்பு இருக்கும் அறைக்கு வெளியே தனி ஆணியில் மாட்டுங்கள். பருத்தி மடியோடு சேர்த்துச் சுருட்டி வைக்க வேண்டாம். டப்பா மருந்து அப்படியே கொட்டி ஊறிய அங்கியைத் துவைக்கவே கூடாது, அதோடு கழித்துவிட வேண்டும்.

இன்னொன்று. நம் வீடுகளில் துணி கடைசி நூல் வரை உழைக்கும். சேலை தூளியாகும், தூளி கரித்துணியாகும், கரித்துணி கால்மிதியாகும். மருந்தடித்த அங்கி மட்டும் இந்த வரிசையில் வரக் கூடாது. கிழிந்ததும் இன்னும் நாலாகக் கிழித்து, யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி, நீர்நிலைக்குத் தள்ளி ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.