கொச்சித் துறைமுகமும் ராபர்ட் பிரிஸ்டோவும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றும் பெரியாறு மேற்கு நோக்கி ஓடி, ஆலுவாவில் இரு கிளைகளாகப் பிரிகிறது. அவற்றுள் ஒன்று கொச்சிக் காயலில் கலந்து கடலை அடைகிறது. இவ்வாற்றின் போக்கில் எஞ்சினீயர்கள் செய்த இரண்டு வெட்டுக்கள் வரலாற்றுச் சிறப்புடையவை. முதலாவது, ஆற்றின் தலைப்பில் பென்னி குயிக்கின் மேற்பார்வையில் பாறையைக் குடைந்து அமைத்த சுரங்கவழி. அது 1895 முதல் பெரியாற்று நீரை வைகைப் படுகைக்குக் கொண்டு செல்கிறது. இரண்டாவது, கொச்சிக் கழிமுகத்தில் கடலடி மணல் திட்டின் ஊடே வெட்டப்பட்டு, 1928-இல் கப்பல்களுக்குத் திறக்கப்பட்ட கால்வாய். இதனை வெட்டியவர் ராபர்ட் பிரிஸ்டோ.

பாறையில் குடைந்த வழி, சிறு பழுதுகளை நீக்கினால் நெடுங்காலம் நிலைத்து நிற்கும். மணலில் வெட்டிய வழியோ, வெட்டிய நாள் முதலே தூரத் தொடங்கும். அன்றியும், அதனை வெட்டுவதால் அக்கம்பக்கத்துக் கரைகளுக்கு என்ன நேரும் என்பதை முன்கூட்டி அறிவது எளிதன்று. எனவே பிரிஸ்டோவின் பணி மண்ணை அகற்றுவதோடு முடிவதாக இருக்கவில்லை. மண்ணை அகற்றினால் கடல் என்ன செய்யும் என்பதையும் அவர் ஆராய்ந்து நிறுவ வேண்டியிருந்தது.

துறைமுகத்திற்கு முன்னைய நிலை

1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் பழைய முசிறித் துறையைத் தூர்த்துவிட்டு, கொச்சிக்கு அருகில் புதிய கழிமுகத்தைத் திறந்துவிட்டது என்பது மரபாக வழங்கிவரும் செய்தி. அதன்பின் மிளகு வாணிகம் கொச்சியை நாடியது. கழிமுகத்தின் தென்கரையில் கோட்டைக் கொச்சியும், அதனை அடுத்துக் காயலோரமாக மட்டாஞ்சேரியும் வளர்ந்தன. மட்டாஞ்சேரியின் பண்டகசாலைகள் காயலை நோக்கியே கட்டப்பட்டவை. உள்நாட்டிலிருந்து மிளகு, இஞ்சி, கயிறு முதலிய சரக்குகள் வள்ளங்களில் நேரே அவற்றின் படித்துறைகளுக்கு வந்து சேரும்.

ஆயினும் பெரிய கப்பல்கள் அப்படித்துறைகளை நெருங்க இயலவில்லை. காயல் கடலோடு சேரும் வாயிலுக்கு வெளியே, பாறைபோல் இறுகிய மணல் திட்டு ஒன்று குறுக்கே கிடந்தது. அதன்மீது நின்ற நீரின் ஆழம் 8 அல்லது 9 அடியே. ஆதலால் நீராவிக் கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, சரக்குகளைப் படகுகளில் ஏற்றிச் சென்று கப்பலில் மாற்ற வேண்டியிருந்தது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இது பெரிதும் இடருடைய வேலை. உள்ளே அமைதியான காயலும் வெளியே கொந்தளிக்கும் கடலும் இருக்க, இரண்டிற்கும் இடையில் சில அடி மணலே தடையாக நின்றது.

மணல் திட்டு தோன்றும் முறை

ஆற்றுநீர் விரைந்து ஓடும்போது மணலையும் வண்டலையும் சுமந்து வருகிறது. கழிமுகத்தைக் கடந்து அகன்ற கடலில் புகுந்தவுடன் அதன் விரைவு குறைகிறது. சுமந்து வந்த பொருள் கீழே படிகிறது. இதற்கிடையே, கரையைச் சாய்வாகத் தாக்கும் அலைகள் கரையோர மணலை ஒரு பக்கமாக நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. இவ்விரு செயல்களும் சந்திக்கும் இடத்தில் திட்டு உருவாகிறது.

திட்டை வளரவிடாமல் தடுக்கும் ஆற்றலும் இயற்கையிலேயே உண்டு. கொச்சியில் கடலின் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 1 மீட்டரே. எனினும் வாயிலுக்குப் பின்னால் வேம்பநாட்டுக் காயல் தெற்கே நெடுந்தொலைவு பரந்து கிடக்கிறது. அப்பரப்பின் நீரில் பெரும்பங்கு ஏறத்தாழ 450 மீட்டர் அகலமுள்ள கொச்சி வாயில் வழியாகவே நாள்தோறும் புகுந்து வெளியேறுகிறது. இவ்வோட்டம் வாயிலின் அடியை அரித்து ஆழமாக வைத்திருக்கிறது. வெளியே பரந்தவுடன் அதன் வலிமை குன்றுவதால், அங்கேதான் திட்டு நிலைத்தது.

பள்ளிகளில் இதனை எளிதில் காட்டலாம். அகன்ற தட்டில் ஈர மணலைக் குறுக்கே கரையாக அணைத்து, நடுவில் விரலளவு வழி வெட்டவேண்டும். ஒரு புறத்தில் நீரை மெதுவாக ஊற்றினால், வழியிலுள்ள மணல் அரிக்கப்பட்டு மறுபுறத்தில் விசிறிபோல் படிவதைக் காணலாம். பின்னர் மறுபுறத்து நீரைக் கையால் அசைத்துச் சிற்றலைகளை எழுப்பினால், அதே மணல் திரும்பி வந்து வழியை அடைக்க முற்படும். கழிமுகத்தின் நிலை இவ்விரு ஆற்றல்களின் போட்டியால் அமைவது என்பது மாணவர்க்கு விளங்கும்.

பிரிஸ்டோவின் ஆய்வு

ராபர்ட் சார்லஸ் பிரிஸ்டோ 1880-இல் பிறந்தவர். 1919 முதல் 1924 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லிங்டன் பிரபுவின் காலத்தில், 1920 ஏப்ரலில் அவர் கொச்சிக்கு வந்தார். திட்டை வெட்டவேண்டும் என்ற கோரிக்கை அதற்கு முன்னரே வணிகர்களிடையே எழுந்திருந்தது. ஆனால் அது இயலாத செயல் என்றும், இயன்றாலும் தீங்காக முடியும் என்றும் கருதியவர் பலர்.

அவர்களது அச்சம் காரணமற்றதன்று. முதலாவது, ஒரு மழைக்காலத்திலேயே கால்வாய் தூர்ந்துபோகலாம். இரண்டாவது, அத்திட்டு அலைகளின் வலிமையை முறித்து வந்தது. அதனை வெட்டினால் வடக்கே வைப்பின் தீவின் கரையும் தெற்கே கோட்டைக் கொச்சியின் கரையும் அரிக்கப்படலாம். மூன்றாவது, நீரோட்டம் மாறிக் காயலே தூர்ந்துவிடலாம். கரையில் வாழ்ந்த மக்களுக்கு இது வீடும் நிலமும் பற்றிய கேள்வி.

பிரிஸ்டோ முதலில் அளவெடுத்தார். காற்றின் திசை, அலைகளின் போக்கு, ஏற்ற வற்றத்தின் விரைவு, திட்டின் அமைப்பு ஆகியவற்றைப் பருவந்தோறும் பதிவு செய்தார். பெரிய வேலையைத் தொடங்குமுன் சோதனை முறையில் சிறு வெட்டு ஒன்று வெட்டி, அதன்மீது கடல் எவ்வாறு செயற்படுகிறது என்பதைக் கவனித்தார். வைப்பின் கரையைக் காப்பதற்குக் கருங்கல் தடுப்புக்களை அமைத்தார். அவை கரைக்கு இணையாக, ஒன்றன் முனையை மற்றொன்று மறைக்குமாறு வைக்கப்பட்டன. அலை அவற்றைத் தாண்டும்போது வலிமை இழந்து, சுமந்து வந்த மணலை உட்புறத்தில் விட்டுச் சென்றது. இவ்வாறு, கரையை அரித்த கடலைக் கொண்டே கரை வளர்க்கப்பட்டது.

நான்கு அரசுகளின் உடன்பாடு

இத்திட்டத்திற்கு வேறொரு தடையும் இருந்தது. கோட்டைக் கொச்சி சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. மட்டாஞ்சேரியும் எர்ணாகுளமும் கொச்சி அரசருக்கு உரியவை. தெற்கே திருவிதாங்கூர் சமஸ்தானம் இருந்தது. செலவையும் சுங்க வருவாயையும் பங்கிடாமல் வேலையைத் தொடங்க முடியாது. 1925-இல் இந்திய அரசு, சென்னை அரசு, கொச்சி, திருவிதாங்கூர் ஆகிய நான்கும் உடன்பாடு செய்துகொண்டன.

வெட்டிய மண்ணே தீவாயிற்று

வேலைக்கென வருவிக்கப்பட்ட தூர்வாரும் கப்பலுக்கு ‘லார்டு வில்லிங்டன்’ எனப் பெயரிடப்பட்டது. 1926 முதல் அது ஓய்வின்றி உழைத்தது. இத்தகைய கப்பலின் வெட்டும் கருவி அடிமண்ணைக் கிளறும். வலிய பம்பு அம்மண்ணை நீரோடு சேர்த்துக் குழம்பாக உறிஞ்சும். நீண்ட குழாய்கள் அதனை வேண்டிய இடத்திற்குத் தள்ளும்.

இம்மண்ணைக் கொண்டுபோய்க் கடலில் கொட்டுவதைவிடக் காயலிலேயே பயன்படுத்துவது நலம் எனக் கருதப்பட்டது. வெண்டுருத்தி என்னும் சிறு தீவை அடுத்துக் காயலில் கல்லால் வரம்பு கட்டி, அதனுள் மண்குழம்பு பாய்ச்சப்பட்டது. நீர் வடிய, மண் படிந்து இறுகியது. துறைமுகம் ஆழமாக ஆக, அருகில் நிலமும் உயர்ந்தது. இவ்வாறு 700 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் உருவாயிற்று. இதுவே வில்லிங்டன் தீவு. தீவின் இரு பக்கங்களிலும் கப்பல் வழிகள் அமைந்தன. மேற்கே உள்ளது மட்டாஞ்சேரிக் கால்வாய் என்றும், கிழக்கே உள்ளது எர்ணாகுளக் கால்வாய் என்றும் பெயர் பெற்றன.

1928 மே மாதத்தில், பருவமழை தொடங்கவிருந்த வேளையில், ‘பத்மா’ என்னும் நீராவிக் கப்பல் உள்துறைமுகத்திற்குள் வந்து சேர்ந்தது. 1930-31-இல் 30 அடி வரை நீரில் அமிழும் கப்பல்களுக்குத் துறைமுகம் முறையாகத் திறந்துவிடப்பட்டது. 1936-இல் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அப்போது கொச்சியின் திவானாக இருந்தவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியார். 1947-இல் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான அவர், துறைமுக வளர்ச்சியில் மிகுந்த ஆர்வம் காட்டினார். ஆனைமலை, நீலகிரித் தேயிலைக்கும் கோவைப் பகுதிச் சரக்குகளுக்கும் கொச்சி அண்மையான கடல்வாயிலாயிற்று.

தீவு நிலத்தோடு பாலங்களால் இணைக்கப்பட்டது. மட்டாஞ்சேரிப் புறத்தில் அமைந்த பழைய துறைமுகப் பாலத்தின் நடுப்பகுதி, கலங்கள் கடந்து செல்வதற்காக மேலே தூக்கக்கூடியதாக இருந்தது. கப்பல் சரக்குகள் தீவின் மேடைகளுக்கு மாறியமையால், மட்டாஞ்சேரிப் படித்துறைகளின் பழைய முதன்மை படிப்படியாகக் குறைந்தது. துறைமுகத்தை வேண்டி நின்ற வணிகத் தெருவுக்கே அத்துறைமுகத்தால் நேர்ந்த மாறுதல் இது.

சேற்றுக்கரைகள் பற்றிய நூல்

கேரளக் கடற்கரையில் பருவமழைக் காலத்தில் சில இடங்களில் மட்டும் கடல் அமைதியாக இருக்கும். மீனவர் இதனைச் ‘சாகரை’ என்பர். அங்கே மீன் மிகுதியாகக் கிடைக்கும். காயலிலிருந்து நிலத்தடி வழியாகச் சேறு கடலுக்குள் தள்ளப்படுவதே இதற்குக் காரணம் என 19-ஆம் நூற்றாண்டில் சிலர் எண்ணினர். துறைமுக வேலைக்குச் சேற்றின் போக்கை அறிவது இன்றியமையாததாகையால், பிரிஸ்டோ பழைய பதிவுகளையும் தம் காலத்து அளவீடுகளையும் தொகுத்து, 1938-இல் சேற்றுக்கரைகளின் வரலாற்றை இரு தொகுதிகளாக வெளியிட்டார். பருவக்காற்றின் அலைகள் கடலடியிலுள்ள நுண்சேற்றைக் கிளப்பிக் கூழாக்குகின்றன என்பதும், அக்கூழின் பிசுபிசுப்பே அலையின் ஆற்றலை உறிஞ்சிவிடுகிறது என்பதும் பிற்கால ஆய்வுகளால் தெளிவாயின. அவ்வாய்வுகளுக்கு பிரிஸ்டோவின் தொகுப்பு பெரிதும் துணை செய்தது.

அவரும் அவருடைய மனைவியும் 1931-இல் எர்ணாகுளத்தில் இந்தியர், ஐரோப்பியர் என்ற வேறுபாடின்றி உறுப்பினர்களைச் சேர்த்த லோட்டஸ் கிளப்பைத் தோற்றுவித்தனர். 1941-இல் பிரிஸ்டோ கொச்சியை விட்டுச் சென்றார். 1959-இல் தம் கொச்சி நினைவுகளை நூலாக வெளியிட்டார், 1966-இல் காலமானார்.

முடியாத வேலை

பிரிஸ்டோ திறந்த வழி இன்றும் பயன்பட்டு வருகிறது. 2011-இல் தொடங்கப்பட்ட வல்லார்பாடம் பெட்டகக் கப்பல் முனையத்திற்காக அது மேலும் ஆழமாக்கப்பட்டது. ஆழம் மிகுந்தால் தூர்வும் மிகும். ஆகவே ஆண்டுதோறும் கோடிக்கணக்கான கன அடி வண்டலை அகற்றிவர வேண்டியுள்ளது.

கரையைப் பற்றிய பழைய கேள்வியும் மறையவில்லை. கொச்சிக்குத் தெற்கேயுள்ள செல்லானம் ஊரில் கடல் அரிப்பால் வீடுகள் பலமுறை சேதமுற்றன. அங்கே 2022-இல் தொடங்கி, டெட்ராபாட் எனப்படும் நாற்கால் காங்கிரீட்டுக் கட்டிகளை அடுக்கிக் கடற்சுவர் எழுப்பப்பட்டது. துறைமுகக் கால்வாய், கடற்சுவர்கள், அலைகளின் மாறுதல், ஆற்று மணல் வரத்தின் குறைவு ஆகியவற்றுள் ஒவ்வொன்றின் பங்கும் எவ்வளவு என்பது இன்றும் வாதிக்கப்படுகிறது. இத்தகைய வாதத்தைத் தீர்ப்பதற்கு நீண்டகால அளவீடுகளே வேண்டும்.

கடலோர ஊர்களில் பணிபுரியும் களப்பணியாளரும் ஆசிரியரும் இதற்கு உதவ முடியும். அசையாத ஒரு கட்டடத்தின் மூலையையோ நடுகல்லையோ குறியாகக் கொண்டு, அதிலிருந்து உயர்நீர்க்கோடு வரையுள்ள தொலைவை அளந்து, நாளும் நேரமும் காற்றின் நிலையும் குறித்து வைக்கலாம். மழைக்காலத்திற்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும், ஆண்டுதோறும் அதே மாதங்களில், ஏற்றத்தின் அதே நிலையில் அளக்க வேண்டும். மாணவர் குழு ஒன்று பத்து ஆண்டுகள் இடைவிடாது காத்துவரும் குறிப்பேடு, அவ்வூரின் கரை வளர்கிறதா, தேய்கிறதா என்பதைக் காட்டிவிடும். பிரிஸ்டோவும் கொச்சியில் தம் வேலையை இத்தகைய அளவெடுப்போடுதான் தொடங்கினார்.