தொரப்பள்ளி ஆற்றங்கரையிலிருந்து பார்த்தால்...

2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் மத்திய அரசு ஒரு பட்டியலை வெளியிட்டது. பத்து இலட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட இந்திய நகரங்களுள் வாழ்வதற்கு எளிதானவை எவை என்று தரம் பிரித்துக் காட்டிய பட்டியல் அது. முதலிடம் பெங்களூருக்குக் கிடைத்தது. நம் சென்னைக்கு நான்காம் இடம்.

பெங்களூரை அறிந்தவர்கள் இதில் வியப்படையமாட்டார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர். கோடையிலும் இரவில் இதமான காற்று. மைசூர் மன்னர் ஹைதர் அலி 1760ஆம் ஆண்டில் தொடங்கி, அவர் மைந்தர் திப்பு சுல்தான் அயல்நாடுகளிலிருந்தெல்லாம் செடிகளைத் தருவித்து வளர்த்த லால்பாக் பூங்கா இன்றும் அந்நகரின் நடுவே நிழல் பரப்பி நிற்கிறது. வேலை, கல்வி, மருத்துவம் எதற்கும் குறைவில்லை. பிள்ளைகளை அங்கே குடியமர்த்திவிட்டு நிம்மதியாக இருக்கும் பெற்றோர் நம் வாசகர்களிலும் பலர் உண்டு.

ஆனால் ஒரு நகரம் நல்ல நகரமா என்பதை அந்நகரத்தின் உள்ளே நின்று மட்டும் தீர்மானித்துவிட இயலுமா? ஒரு வீட்டின் தூய்மையைக் கூடத்தில் அமர்ந்து பாராட்டுவது எளிது. அவ்வீட்டுச் சாக்கடை யார் வாசலில் போய் முடிகிறது என்பதையும் பார்த்த பிறகல்லவா தீர்ப்புச் சொல்ல வேண்டும்! அவ்விதம் பெங்களூரைப் பார்ப்பதற்கு ஏற்ற இடம், எல்லைக்கு இப்பால் ஓசூரை அடுத்துள்ள தொரப்பள்ளி என்னும் சிற்றூர்.

தொரப்பள்ளி என்றதும் இராஜாஜியின் நினைவு வரும். 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் அவர் பிறந்த ஊர் இது. அவருடைய தந்தையார் இவ்வூரின் முன்சீபாக இருந்தவர். பிறந்த இல்லத்தைத் தமிழக அரசு நினைவில்லமாகப் பேணி வருகிறது. சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக அமர்ந்த ஒரே இந்தியர் என்பதை யாவரும் அறிவர். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் அவர் சேலம் நகராட்சித் தலைவராகப் பணியாற்றியதைப் பலர் மறந்துவிட்டனர். குழாய்நீர், சாக்கடை, தெருக்கூட்டல் ஆகியவற்றோடு மல்லுக்கட்டுவதே நகராட்சித் தலைவரின் வேலை. அத்தகைய ஒருவரின் சொந்த ஊர் ஆறு இன்று இருக்கும் நிலை நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

நுரை பொங்கும் ஆறு

அந்த ஆறு தென்பெண்ணை. கர்நாடகத்தார் அதனைத் தட்சிண பினாகினி என்பர். நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஒசகோட்டை வழியாகப் பெங்களூரின் கிழக்கு ஓரத்தைத் தழுவித் தமிழகத்தினுள் நுழைகிறது. நுழைந்ததும் அதனை எதிர்கொள்வது கெலவரப்பள்ளி அணை. நீர்மட்டத்தின் முழு உயரம் 44.28 அடி, பெரிய அணை என்று சொல்வதற்கில்லை. ஆயினும் ஓசூர் வட்டாரத்துக் காய்கறிக்கும் கேழ்வரகுக்கும் பூந்தோட்டங்களுக்கும் இவ்வணைதான் உயிர்நாடி.

பெங்களூரில் பெருமழை பெய்யும் காலங்களில் இவ்வணையைப் பார்த்தவர்கள் முதலில் பனிப்படலம் என்று மயங்குவர். மதகுகளின் கீழே வெண்ணுரை ஆள் உயரத்துக்கும் மேலாகக் குவிந்து கிடக்கும். காற்றடித்தால் துண்டு துண்டாகப் பறந்து வயல்களில் படியும். சில வேளைகளில் தரைப்பாலத்தையே மூடிப் போக்குவரத்தை நிறுத்திவிடும். அருகே சென்றால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். 2017ஆம் ஆண்டுக்குப் பிறகு இக்காட்சி பன்முறை நாளேடுகளில் படமாக வந்துவிட்டது. படத்தைப் பார்ப்பவர்களுக்கு வாடை தெரிவதில்லை என்பதுதான் வேறுபாடு.

இந்நுரை எங்கிருந்து வருகிறது? பெங்களூரின் தென்கிழக்கே பெல்லந்தூர், வர்த்தூர் என இரண்டு பெரிய ஏரிகள் உள்ளன. கோரமங்கலப் பள்ளத்தாக்கின் கழிவுநீர் முதலில் பெல்லந்தூருக்கும், அங்கிருந்து வர்த்தூருக்கும், அதன் பின்னர் தென்பெண்ணைக்கும் வந்து சேர்கிறது. சவுக்காரத் தூளிலுள்ள நுரைக்கும் இரசாயனங்கள் முழுமையாகச் சிதைவதற்கு முன்பே ஏரியை அடைந்துவிடுகின்றன. அவற்றுள் ஒரு பகுதி ஏரியின் அடிச்சேற்றில் தங்கிவிடுகிறது. பெருமழை வந்து சேற்றைக் கலக்கியதும் யாவும் மேலே எழும்புகின்றன. பிறகு உயரத்திலிருந்து நீர் விழும் இடம் ஒன்று கிடைத்தால் போதும். நம் வீட்டு வாளியில் தூளைப் போட்டுக் குழாயைத் திறந்தால் என்ன நேருமோ அதுவே அணையிலும் நேர்கிறது.

பெல்லந்தூர் ஏரி நுரைத்தது மட்டுமன்று, தீப்பற்றியும் எரிந்தது. 2015இலும், 2017இலும், 2018 ஜனவரியிலும் அவ்வேரியில் நெருப்பு எழுந்ததை நாடே பார்த்தது. தண்ணீரில் தீ என்பது கதைகளில் வருவது என்றிருந்தோம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2018 டிசம்பரில் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாயும், பெங்களூர் மாநகராட்சிக்கு 25 கோடி ரூபாயும் அபராதம் விதித்ததோடு, ஏரியைச் சீரமைக்க 500 கோடி ரூபாயைத் தனிக்கணக்கில் ஒதுக்கி வைக்குமாறும் ஆணையிட்டது. அதன் பின்னர்தான் தூர்வாரும் பணி வேகம் பெற்றது.

காவிரி சுற்றி வரும் வழி

இதில் வாசகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பெங்களூர் ஒரு மேட்டுநிலத்தின் முதுகில் அமர்ந்த ஊர். பக்கத்தில் பெரிய ஆறு இல்லை. ஆகவே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்துக்குக் காவிரி நீரைப் பம்புகளால் ஏற்றிக் கொணர்கின்றனர். 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்ட ஐந்தாம் கட்டத் திட்டத்தால் மட்டும் நாளொன்றுக்கு 77 கோடியே 50 இலட்சம் லிட்டர் கூடுதலாகக் கிடைக்கிறது. குளித்து, துவைத்து, கழுவிவிட்ட பிறகு இந்நீரின் பெரும்பகுதி எங்கே போகும்? மேட்டின் ஒருபுறம் வழிந்தால் விருஷபாவதி, அர்க்காவதி வழியாக மீண்டும் காவிரிக்கு. மறுபுறம் வழிந்தால் தென்பெண்ணைக்கு.

ஆக, தொரப்பள்ளி ஓரமாக ஓடும் நீரில் நந்தி மலை மழையைவிடப் பெங்களூரின் குளியலறைகளைத் தொட்டுவந்த காவிரியே மிகுதியாக இருக்கும் நாட்கள் உண்டு. கோடையில் வறண்டு கிடக்க வேண்டிய ஆற்றில் ஆண்டு முழுதும் நீர் ஓடுவதன் இரகசியமும் இதுவே. உழவர்களின் சங்கடம் இங்குதான் தொடங்குகிறது. இந்நீர் வேண்டாம் என்று சொன்னால் வயல் காயும். வேண்டும் என்று பாய்ச்சினால் மண் கெடுமோ என்ற அச்சம். வீட்டில் இருந்துகொண்டு அவர்களைக் குறை கூறுவது நமக்கு எளிது.

குடிநீருக்கோ இவ்வட்டாரம் வேறொரு திசையை நோக்கவேண்டியதாயிற்று. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் பாறை நிலத்தில் ஊறும் கிணற்றுநீரில் ஃபுளோரைடு மிகுதி. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படியும். பல்லாண்டு தொடர்ந்து குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். இதற்கு மாற்றாகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் உருவாகி, 2013ஆம் ஆண்டு மே மாதம் பயன்பாட்டுக்கு வந்தது. ஓசூரும் அதில் அடங்கும். அதாவது, ஓசூர்வாசி குழாயில் பிடிப்பது காவிரி. பக்கத்து ஆற்றில் நுரைத்து ஓடுவதும் காவிரியின் எச்சம்! பெங்களூரின் மேற்குப்புறக் கழிவு அர்க்காவதி வழியே ஒகேனக்கலுக்கு மேலே காவிரியில் கலக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்நகரின் இருபுறத்து வாய்க்கால்களுக்கும் கீழே இருப்பது இம்மாவட்டமே என்பது விளங்கும்.

பிறரைச் சொல்லுமுன்

பெங்களூரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்வது நியாயமாகாது. ஓசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. மிதிவண்டியில் சென்று வர ஏற்ற, குளிர்ந்த சிற்றூராக இருந்தது, லாரிகளும் பேருந்துகளும் இருசக்கர வண்டிகளும் கைக்கடிகாரங்களும் பிறக்கும் ஊராகிவிட்டது. 2019இல் மாநகராட்சி ஆயிற்று. 2024 ஜூனில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்ற அறிவிப்பும் வந்துவிட்டது. ஓசூரின் கழிவுநீரும் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும். அங்கே இருப்பதும் அதே ஆறுதான். பக்கத்துச் சானமாவுக் காட்டுக்கு ஆண்டுதோறும் பன்னர்கட்டா பகுதியிலிருந்து யானைக் கூட்டங்கள் வருகின்றன. அவை கேழ்வரகு வயலில் இறங்கினால் யானை ஊருக்குள் புகுந்தது என்கிறோம். ஊர் யானையின் பாதைக்குள் புகுந்த செய்தியை யாரும் தலைப்பிட்டு எழுதுவதில்லை.

நம் சமுதாயத்தவர்க்கு இன்னும் நெருக்கமான கதை பாலாறு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்றாலே தோல் பதனிடும் தொழில். அத்தொழிலால் நம்மவர் பலர் செழித்தனர். மதரஸாக்களும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் எழுந்தன. இந்த நன்மைகளை மறைக்கலாகாது. அதே காலத்தில் ஆற்றோரக் கிணறுகள் உப்பாகிப்போனதையும் மறைக்கலாகாது. வேலூர் மக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28இல் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தரவேண்டும் என்ற கோட்பாட்டை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கியது. தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் செலுத்தவேண்டும் என்றது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 30இல் அதே நீதிமன்றம் அதே ஆற்றைக் குறித்து மீண்டும் தீர்ப்பெழுத நேர்ந்தது. இடையில், 2015 ஜனவரி இறுதியில், இராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத்தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டனர். தீர்ப்பு இருந்தது, சுத்திகரிப்பு நிலையமும் இருந்தது. சேர்ந்துவிட்ட கழிவை எங்கே கொண்டுபோவது என்பதற்கு மட்டும் விடை இல்லாதிருந்தது.

எல்லை கடந்த ஆறுகளைக் காப்பாற்ற முடியாது என்று கைவிரிப்பவர்களுக்கு ஐரோப்பாவின் ரைன் ஆறு பதிலளிக்கிறது. சுவிட்சர்லாந்தில் தோன்றி, ஜெர்மனியைக் கடந்து, நெதர்லாந்தில் கடல் சேரும் ஆறு அது. மேலே உள்ளவர்கள் கழிவைக் கொட்ட, கீழே உள்ள நெதர்லாந்து மக்கள் அதனையே குடிக்கும் நிலை. 1950ஆம் ஆண்டிலேயே கரையோர நாடுகள் கூடி ஓர் ஆணையம் அமைத்தன. எனினும் நீண்டகாலம் பேச்சுத்தான் நடந்தது. 1986 நவம்பர் 1ஆம் நாள் பாசல் நகருக்கு அருகே இரசாயனக் கிடங்கொன்று தீப்பிடித்தது. தீயணைத்த நீரோடு நஞ்சு ஆற்றில் இறங்க, செந்நிறமாக ஓடிய ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தன. அடுத்த ஆண்டே நாடுகள் ஒரு செயல்திட்டம் வகுத்தன. சுத்தமான நீரில் மட்டுமே வாழும் சால்மன் மீன் 2000ஆம் ஆண்டுக்குள் திரும்ப வேண்டும் என்பது அதன் குறிக்கோள். மீன் திரும்பியும் வந்தது. அமைச்சர்களின் அறிக்கையைவிட மீனின் சாட்சியம் உறுதியானது என்று அவர்கள் கருதினர் போலும்.

தென்பெண்ணைக்கும் அப்படியோர் அளவுகோல் வேண்டாமா? இரு மாநிலங்களும் இவ்வாற்றின் நீரளவைப் பற்றி வழக்காடுகின்றன. மார்க்கண்டேய நதியின் குறுக்கே கர்நாடகம் கட்டிய அணையை எதிர்த்துத் தமிழகம் 2018இல் உச்ச நீதிமன்றம் சென்றது. எத்தனை டி.எம்.சி. வரவேண்டும் என்பதற்கு வழக்கறிஞர்கள் உண்டு. எந்தத் தரத்தில் வரவேண்டும் என்பதையும் அதே மேசையில் வைத்தாலன்றி, கேட்டுப் பெற்ற நீரும் வயலுக்கு உதவாது.

நம் வீட்டு வாளி

இவை அரசுகள் செய்யவேண்டியவை. இல்லத்தில் நம்மால் இயன்றது சிறிதே. ஆனால் அதுவும் உண்டு. நுரை மிகுந்தால் அழுக்கு நன்றாகப் போகும் என்று நம் தாய்மார்கள் நம்புகின்றனர். அது விளம்பரங்கள் ஊட்டிய நம்பிக்கை. அழுக்கைப் பிரிப்பது நுரையன்று; தூளிலுள்ள பொருள் நீரில் கரைந்து செய்யும் வேலை அது. கையளவு தூள் போடும் இடத்தில் பாதியளவு போட்டு ஒரு வாரம் துவைத்துப் பாருங்கள். அடுத்த வாரம் பழைய அளவுக்குத் திரும்ப மனம் வராது, செலவும் மிச்சம்.

பள்ளிவாசல்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஓடும் ஆற்றின் கரையில் உளூச் செய்யும்போதும் நீரை விரயமாக்கலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் ஜும்ஆ மேடைகளில் கேட்டிருக்கிறோம். ஐந்து வேளையும் உளூச் செய்து வழியும் நீரில் சவுக்காரமோ எண்ணெய்ப் பிசுக்கோ இல்லை. ஓர் ஊரில் கிடைக்கும் கழிவுநீரிலேயே மிகவும் தூய்மையானது இது. கழிப்பறைக் குழாயோடு அதனைக் கலந்து சாக்கடைக்கு அனுப்பிவிடுகிறோம். தனிக் குழாயிட்டு முற்றத்து வேம்புக்கும் தென்னைக்கும் திருப்புவதற்கு ஒரு கொத்தனாரின் இரண்டு நாள் வேலை போதும். புதிதாகக் கட்டப்படும் பள்ளிவாசல்களின் நிர்வாகிகள் வரைபடம் போடும்போதே இதனைக் கேட்டுவிட்டால் அந்த இரண்டு நாள் செலவும் இல்லை.

கெலவரப்பள்ளியில் மதகு திறக்கும் நாட்களில் கரையோர ஊர்களுக்கு வெள்ள எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. நுரைக்கு அவ்விதத் தண்டோரா இல்லை. தொரப்பள்ளியைக் கடந்த நீர் கிருஷ்ணகிரி அணைக்குப் போகிறது, அங்கிருந்து சாத்தனூர், சாத்தனூரிலிருந்து திருவண்ணாமலைக்குக் குடிநீர், எஞ்சியது கடலூர் அருகே வங்கக் கடலுக்கு.