யாரிடம் கேட்பது? பைத்தானின் இம்போர்ட் கொக்கிகள்

பைத்தான் நிரல்மொழியில் எழுதப்படும் நிரல்களில் பெரும்பாலானவை தனித்து இயங்குவதில்லை. கணக்குக்கு ஒன்று, தேதிக்கு ஒன்று, இணையத் தொடர்புக்கு ஒன்று எனப் பிறர் எழுதிவைத்த நிரல் தொகுதிகளை, அதாவது மாட்யூல்களை, ‘இம்போர்ட்’ என்னும் கட்டளையால் அவை அழைத்துக்கொள்கின்றன. அக்கட்டளையில் மாட்யூலின் பெயர் மட்டுமே இருக்கும். அது எந்தக் கோப்புறையில், எந்த வடிவில் இருக்கிறது என்னும் விவரம் இராது. பெயரைக் கொண்டு நிரலைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு, நிரலைப் படித்துப் பொருள்கொண்டு இயக்கும் இன்டர்பிரெட்டருடையது. அப்பொறுப்பை இன்டர்பிரெட்டர் முழுவதும் தன்னிடமே வைத்துக்கொள்ளாமல், வேண்டியவர்கள் இடையில் புகுந்து மாற்றிக்கொள்ள வசதியாகத் திறந்துவிடும் இடங்களே கொக்கிகள் எனப்படுகின்றன.

தொடக்கக் காலப் பைத்தானில் இத்தேடல் சி மொழியில் எழுதப்பட்டு இன்டர்பிரெட்டருக்குள்ளேயே இருந்தது. ‘சிஸ்.பாத்’ என்னும் பட்டியலில் உள்ள கோப்புறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, கேட்ட பெயரில் கோப்பு இருக்கிறதா என்று பார்ப்பதே அதன் வேலை. கோப்புறையில் அன்றி வேறிடத்தில் நிரலை வைத்திருந்தவர்களுக்கு இருந்த வழி ஒன்றுதான்: இம்போர்ட் கட்டளை உள்ளுக்குள் அழைக்கும் ஃபங்ஷனையே அகற்றிவிட்டுத் தம்முடைய ஃபங்ஷனை அவ்விடத்தில் வைப்பது. ஒரு சிறிய மாற்றத்துக்காக முழு வேலையையும் மீண்டும் எழுத வேண்டியிருந்ததோடு, ஏற்கெனவே ஏற்றப்பட்ட மாட்யூலைக் கேட்கும்போதும் அந்த ஃபங்ஷன் அழைக்கப்பட்டதால் நேரமும் வீணாயிற்று. இரண்டு கருவிகள் ஒரே நிரலில் இவ்வாறு செய்ய முற்பட்டால், ஒன்றின் வேலையை மற்றொன்று அழிக்கவும் கூடும்.

மாற்றத்துக்கு வழிகோலியது ஜிப் கோப்பு. பைத்தானில் புதியது ஒன்றைச் சேர்க்க விரும்புவோர் எழுதி முன்வைக்கும் ஆவணம் ‘பெப்’ எனப்படும்; 2001 அக்டோபரில் ஜேம்ஸ் ஆல்ஸ்ட்ராம் எழுதிய 273ஆம் பெப், ஜிப் கோப்பிலிருந்து நேரடியாக மாட்யூல்களை ஏற்றும் வசதியைக் கோரியது. அதைச் சி நிரலுக்குள் தனி விதிவிலக்காகச் செருகுவதைவிட, எந்த வகைச் சேமிப்பிடத்துக்கும் பொருந்தும் பொது ஏற்பாடு ஒன்றைச் செய்துவிட்டு ஜிப்பை அதன் முதல் பயனாளியாக ஆக்குவது மேல் என்று 2002 டிசம்பரில் வந்த 302ஆம் பெப் வாதிட்டது. அதை எழுதியவர்கள் யூஸ்ட் வான் ராசமும் பால் மூரும். யூஸ்ட், பைத்தானை உருவாக்கிய கீடோ வான் ராசமின் தம்பி. இரண்டு வசதிகளும் 2003 ஜூலையில் வெளியான 2.3ஆம் பதிப்பில் சேர்ந்தன.

302ஆம் பெப்பிலிருந்து வளர்ந்து இன்று நிலைபெற்றுள்ள முறையில், ‘இந்த மாட்யூல் எங்கே இருக்கிறது’ என்ற கேள்விக்கு இன்டர்பிரெட்டர் தானே விடை தேடுவதில்லை. யாரைக் கேட்க வேண்டும் என்பதை மட்டுமே அது அறிந்திருக்கிறது. ‘சிஸ்.மெட்டா_பாத்’ என்னும் பட்டியலில் ஃபைண்டர் எனப்படும் தேடுபொருள்கள் வரிசையாக நிற்க, இன்டர்பிரெட்டர் முதலாவதிடம் பெயரைச் சொல்லிக் கேட்கிறது. அது தெரியாது என்றால் அடுத்ததிடம் செல்கிறது. தெரியும் என்று சொல்வது, நிரலை ஏற்றித் தரவல்ல லோடரைக் கைகாட்டுகிறது. சிஸ்.பாத் பட்டியலின் ஒவ்வொரு பதிவுக்கும் ‘சிஸ்.பாத்_ஹுக்ஸ்’ என்னும் இரண்டாவது பட்டியல் உதவுகிறது: பதிவு ஜிப் கோப்பைச் சுட்டினால் ஜிப்புக்குரிய ஃபைண்டர் அமைகிறது, கோப்புறையைச் சுட்டினால் கோப்புறைக்குரியது அமைகிறது, இந்த முடிவு நினைவில் வைக்கப்படுவதால் மறுமுறை கேட்க வேண்டியதில்லை. இரண்டு பட்டியல்களும் சாதாரணப் பைத்தான் பட்டியல்கள் என்பதால், இயங்கிக்கொண்டிருக்கும் நிரலே அவற்றில் தன் ஃபைண்டரைச் சேர்க்கலாம், இருப்பதை நீக்கலாம், வரிசையையும் மாற்றலாம்.

முதல் வடிவத்தில் குறை இல்லாமல் இல்லை. ஒரு மாட்யூலின் நிரலை இயக்கத் தொடங்கும் முன்பே, அதன் பெயரை ‘சிஸ்.மாட்யூல்ஸ்’ என்னும் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். இல்லையென்றால், அ என்னும் மாட்யூல் ஆ-வையும் ஆ மீண்டும் அ-வையும் அழைக்கும்போது இன்டர்பிரெட்டர் முடிவின்றிச் சுற்றும். நிரல் பாதியில் பிழைபட்டு நின்றால் அப்பதிவை அழிக்கவும் வேண்டும். இந்த நுணுக்கமான வேலைகள் அனைத்தும் ஒவ்வொரு லோடரின் தலையிலும் சுமத்தப்பட்டிருந்ததால், லோடர் எழுதுவோர் ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப எழுதினர். ஏதேனும் ஒன்றை மறந்தும் போயினர். எரிக் ஸ்னோ எழுதிய 451ஆம் பெப்பை ஏற்று 2014இல் வெளிவந்த 3.4ஆம் பதிப்பு, பதிவேட்டு வேலையை இன்டர்பிரெட்டரிடமே திருப்பித் தந்தது; ஃபைண்டர் மாட்யூலைப் பற்றிய விவரக்குறிப்பை மட்டும் தந்தால் போதும், லோடர் நிரலை இயக்கினால் போதும் என்றாயிற்று. ஃபைண்டரிடம் லோடரையே கேட்கும் பழைய ‘ஃபைண்ட்_மாட்யூல்’ முறை 2023இல் வந்த 3.12ஆம் பதிப்பில்தான் நீக்கப்பட்டது.

இதற்கிடையே, 2012இல் வெளியான 3.3ஆம் பதிப்பில், சி மொழியில் இருந்த இம்போர்ட் வேலையைப் பைத்தானிலேயே எழுதப்பட்ட ‘இம்போர்ட்லிப்’ ஏற்றுக்கொண்டது. பிரெட் கேனன் பல ஆண்டுகள் உழைத்து முடித்த பணி அது. இம்போர்ட் செய்யும் நிரலே பைத்தானில் இருந்தால் அதை யார் இம்போர்ட் செய்வது என்ற சிக்கல் உடனே எழுகிறது. இம்போர்ட்லிப்பின் அடிப்படைப் பகுதியை முன்கூட்டியே பைட்கோடாக மாற்றி, அதாவது இன்டர்பிரெட்டர் நேரடியாக இயக்கவல்ல கட்டளைத் தொடராக்கி, இன்டர்பிரெட்டருக்குள்ளேயே பதித்து வைப்பதே கண்டறியப்பட்ட தீர்வு. இவ்வாறு பதிக்கப்பட்ட மாட்யூல்கள் ‘உறைந்தவை’ எனப்படுகின்றன. வட்டைத் தொடாமலே அவை எழுந்து இயங்கிவிடும்.

கொக்கிகளால் என்ன பயன் என்று கேட்போருக்குப் பைடெஸ்ட் என்னும் சோதனைக் கருவியைக் காட்டலாம். இரண்டு மதிப்புகள் சமமாக இருக்க வேண்டும் என்று சொல்லும் ‘அசர்ட்’ கட்டளை பொய்த்தால், பைத்தான் வழக்கமாகப் பிழை என்று மட்டுமே சொல்லும். பைடெஸ்ட்டோ மெட்டா_பாத் பட்டியலின் முதலிடத்தில் தன் ஃபைண்டரை நிறுத்தி, சோதனைக் கோப்பு ஏற்றப்படும் தருணத்திலேயே அசர்ட் கட்டளைகளை மாற்றி எழுதிவிடுவதால், இடப்பக்கம் என்ன மதிப்பு இருந்தது, வலப்பக்கம் என்ன இருந்தது என்பதை விரித்துக் காட்டுகிறது. சோதனை எழுதியவர் தம் நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

ஒருவர் எழுதிய நிரல் வேறொன்றாக மாறி ஏற்றப்படுகிறது என்பதே இதன் வலிமையும் ஆபத்தும் ஆகும். யார் வேண்டுமானாலும் நுழையக்கூடிய பட்டியலில் தீய நோக்குடையோரும் நுழையலாம். உண்மையான மாட்யூலுக்குப் பதிலாகப் போலியை ஏற்றிவிடலாம். 2019இல் வந்த 3.8ஆம் பதிப்பு, 578ஆம் பெப்பின்படி, தணிக்கைக் கொக்கிகள் என்னும் மற்றொரு வகையைச் சேர்த்தது. இவை எதையும் மாற்றி அமைப்பதற்கல்ல, கண்காணிப்பதற்கும் தேவையானால் தடுப்பதற்கும் உரியவை. இம்போர்ட் கொக்கியைப் பைத்தான் நிரல் எதுவும் கழற்றலாம்; தணிக்கைக் கொக்கியை ஒருமுறை மாட்டினால் பைத்தான் நிரலால் கழற்ற வழி வைக்கப்படவில்லை. மாட்யூல் ஒன்று கேட்கப்படும்போது, அதன் பெயரோடு சிஸ்.பாத், மெட்டா_பாத், பாத்_ஹுக்ஸ் ஆகிய மூன்று பட்டியல்களும் அப்போதுள்ள நிலையிலேயே தணிக்கைக் கொக்கியிடம் ஒப்படைக்கப்படுகின்றன.