மலையடியில் மனை வாங்குகிறவர்களுக்கு

பௌர்ணமி நெருங்கினால் திருவண்ணாமலையில் ரமண நகரிலும் செங்கம் சாலையை ஒட்டிய தெருக்களிலும் குடியிருப்பவர்களுக்கு வேலை முந்தின நாளே தொடங்கிவிடும். பால், காய்கறி, மாத்திரை எல்லாம் முதல் நாளே வீட்டுக்கு வந்தாக வேண்டும். கேஸ் சிலிண்டர் அன்றைக்கு வருமென்று நம்பி உட்கார முடியாது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுக லட்சக்கணக்கானவர்கள் நடந்துகொண்டிருக்கும்போது, எதிர்ப்பக்கக் கடைக்குப் போய்வருவதே பெரும்பாடு. வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணியோ இதய நோயாளியோ இருந்தால், அந்த இரண்டு நாளும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் உள்ள சொந்தக்காரர் வீட்டில் தங்கவைப்பது புத்திசாலித்தனம். கார்த்திகை தீபம் என்றால் இதெல்லாம் பத்து மடங்கு.

ஆனாலும் இங்கே குடியிருப்பவர்கள் சலித்துக்கொள்வதில்லை. வாசலில் தண்ணீர்ப் பானை வைக்கிறார்கள். மோர் கரைத்துக் கொடுக்கிறார்கள். வெளியூர்ப் பெண்கள் தயங்கி நின்றால் கழிப்பறைக்குக் கதவைத் திறந்துவிடுகிற வீடுகள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாத புதுக் குடித்தனக்காரர்கள், மூன்று பௌர்ணமி முடிவதற்குள் அத்தை, மாமா என்று முறைசொல்லிப் பழகிவிடுகிறார்கள். பெருநகர அடுக்ககங்களில் சங்கம் வைத்தும் வராத பழக்கம் இது.

என் கவலை மறுநாள் காலையில் தொடங்குகிறது. அன்னதானத் தொன்னை, பாக்குமட்டைத் தட்டு, காகிதக் கப், தண்ணீர் பாட்டில் எல்லாம் சாலையோரம் ஒதுங்கிக் கிடக்கும். துப்புரவுப் பணியாளர்கள் விடியும் முன்பே வந்து வாருகிறார்கள்; அவர்கள் உழைப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் காற்றில் உருண்டு போனது போய்விடுகிறது. அது சேருமிடம் தெருவுக்கு அடியில் போகிற சிறுபாலம். எட்டிப் பார்த்தால் தெரியும்: குழாயின் வாயில் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, நடுவில் ஒரு கிழிந்த கோணிப்பை, அதற்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்கு மண். மழை வந்தால் அந்தக் குழாய்க்குள் ஒரு குடம் தண்ணீர்கூடப் போகாது.

அந்தச் சிறுபாலம் எதற்காகக் கட்டப்பட்டது என்பது தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. மலையிலிருந்து இறங்குகிற ஓடைக்கு வழிவிடக் கட்டியது அது. 2,668 அடி உயரமுள்ள பாறை மலை. மேலே மண் கொஞ்சம்தான். பெய்கிற மழையில் பெரும்பகுதி நிற்காமல் கீழே வந்துவிடும். அப்படி வருகிற தண்ணீருக்கு நம் முன்னோர் மலையைச் சுற்றிக் குளமும் தீர்த்தமும் ஏரியும் வெட்டினார்கள். தெற்கே சமுத்திரம் ஏரி, வடக்கே வேங்கிக்கால் ஏரி, ஊருக்குள் தெப்பம் நடக்கிற அய்யங்குளம். இவற்றுக்குத் தண்ணீர் கொண்டுபோன கால்வாய்களின் மேல்தான் இன்றைக்குப் பல இடங்களில் மனைப் பிரிவுக் கல் நட்டிருக்கிறது. 1989-இல் மாவட்டத் தலைநகரானது முதல் ஊர் நாலாபக்கமும் பெருகியது. 2024-இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. வருகிற ஜனம் எங்கேதான் வீடு கட்டும் என்று மனை விற்பவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயம்தான், ஓடையை விட்டுவிட்டுக் கட்டலாம் என்பதே என் பதில்.

2024 டிசம்பர் 1-ஐ இந்த ஊர் மறக்காது. ஃபெஞ்சல் புயல் முந்தின நாள் இரவு புதுச்சேரி அருகே கரையேறி, விடாமல் கொட்டித் தீர்த்தது. மாலையில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் சரிந்து ஒரே வீட்டில் இருந்த 7 பேர் புதைந்துபோனார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். அந்த ஆண்டு தீபத்தன்று மலையேறப் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. அதே மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறந்துவிடப்பட்டு, தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. அவ்வளவு பெருமழை எப்போதாவதுதான் வரும் என்று சொல்லித் தள்ளிவிடலாம். ஆனால் பாதை அடைபட்ட ஓடைக்குப் பெருமழை தேவையில்லை. ஐப்பசியில் இரண்டு மணி நேரம் அடித்துப் பெய்தாலே கூடத்துக்குள் தண்ணீர் வந்துவிடும்.

ஆகவே இங்கே மனை பார்க்கிறவர்களுக்குச் சொல்ல இருப்பது இதுதான். தரகர் காட்டுகிற வண்ண வரைபடத்தோடு நின்றுவிடாதீர்கள். பட்டா பார்ப்பது எல்லோரும் செய்வது. அதோடு அ-பதிவேட்டையும் புலப்பட நகலையும் வாங்கி, உங்கள் சர்வே எண்ணை மட்டுமல்லாமல் சுற்றியுள்ள எண்களையும் பாருங்கள். ஓடை, வாய்க்கால், ஏரி உள்வாய் என்று பக்கத்தில் ஏதாவது எழுதியிருந்தால் யோசியுங்கள். பிறகு அந்தக் கிராமத்தில் ஆடு மேய்த்த, நிலம் உழுத பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, சின்ன வயதில் தண்ணீர் எந்த வழியாக ஓடியது என்று கேளுங்கள். அடி அண்ணாமலையிலும் ஆடையூரிலும் அத்தியந்தலிலும் இதைக் கைநீட்டிக் காட்டக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த ஆவணத்திலும் இல்லாத விவரம் அவர்களிடம் கிடைக்கும். சரிவுக்கு நேர் கீழே, பெரிய உருண்டைப் பாறைகள் தெரிகிற இடமென்றால், விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

ஏற்கெனவே வீடு கட்டிவிட்டவர்கள் தங்கள் தெருவைப் பார்க்க வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வந்தால் சிறுபாலத்தின் அடைப்பை எடுத்துவிடலாம். எடுத்த மண்ணைக் கரையிலேயே கொட்டக் கூடாது, முதல் மழையில் திரும்ப உள்ளே போய்விடும். பௌர்ணமிக்கு அன்னதானம் போடுகிறவர்கள், எச்சில் தட்டு போட ஒரு பெரிய கோணிப்பையும் அதைக் கட்டிக் கொடுக்க ஓர் ஆளும் ஏற்பாடு செய்துவிட்டு அடுப்பு மூட்டட்டும்.

இன்னொன்று, கூரைத் தண்ணீர். இங்கே அடியில் கடும்பாறை. போர் ஆழமாகப் போட்டும் புகை மட்டும் வந்த வீடுகள் உண்டு. கோடையில் டிராக்டர் தண்ணீருக்குக் காத்திருக்கிற அதே வீட்டின் மொட்டை மாடியில், 1,000 சதுர அடிக்கு ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 900 லிட்டர் விழுகிறது. மழைநீர்ச் சேகரிப்பு 2003-இலேயே தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமானது. அன்று வைத்த குழாயைப் பல வீடுகளில் டைல்ஸ் ஒட்டி மூடிவிட்டார்கள். அதைத் திறந்து, ஜல்லியும் மணலும் மாற்றி, முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு அடுத்ததைச் சம்பில் பிடியுங்கள். மலையோரத்து வீடென்றால் மாடித் தொட்டியின் மூடியைக் கம்பியால் கட்டுங்கள், குரங்கு திறந்துவிடும்.

முன்பணம் கொடுக்கும் முன் ஒரு வேலை பாக்கி. சித்திரை வெயிலில் போய்ப் பார்த்தால் எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும். ஐப்பசியில் நல்ல மழை பெய்கிற நாளில், குடையோடு அந்த இடத்தில் அரைமணி நேரம் நில்லுங்கள். தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஏறினால் பணத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுங்கள்.