புகை அறிவிப்புக் கருவியிடம் எதிர்பார்க்கக் கூடாதவை

நெசவாளர் பலருக்கு வீடே தறிக்கூடம். பாவும் நூல் சிப்பமும் கழிவு நூலும் கிடக்கும் கூரையின் கீழேயே குழந்தைகளும் உறங்குகின்றனர். ஆகவே புகை அறிவிப்புக் கருவி ஒன்றை வாங்கி மாட்டலாமா என்ற எண்ணம் அங்கத்தினர்களுக்கு எழுவது இயல்பே. வாங்கலாம் என்பதே நமது கருத்து. எனினும் அதனால் ஆகாதவை எவை என்பதை முன்னரே அறிந்திருத்தல் நலம்.

இக்கருவி தீயை அணைப்பதில்லை. தன்னை வந்தடையும் புகையை மட்டுமே அறியும். இதில் இருவகை உண்டு. ஒருவகையில் அமெரிசியம் 241 என்னும் கதிரியக்கப் பொருள் மிகச் சிறிதளவு வைக்கப்பட்டு, காற்றின் வழியே நுண்ணிய மின்னோட்டம் செல்லுமாறு செய்யப்பட்டிருக்கும். புகை புகுந்தால் மின்னோட்டம் குறையும். உடனே ஒலி எழும். மற்றொன்றில் ஒளிக்கதிர் புகைத்துகளிற் பட்டுச் சிதறுவதே அறிகுறி. கொழுந்துவிட்டெரியும் தீயை முதல் வகை சற்று முந்தி அறியும். சுவாலையின்றிக் கனலும் தீயையோ பெரும்பாலும் இரண்டாம் வகையே வெகுவாக முந்தி அறியும். பஞ்சும் பருத்தி நூலும் உள்ளுக்குள் கனலும் தன்மையுடையவை என்பதை நெசவாளருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆதலின் ஒளிவகைக் கருவியையே கேட்டு வாங்குதல் தகும்.

ஒலி எழுந்தபின் நமக்குக் கிடைக்கும் அவகாசமும் சிறிது. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டையொட்டி நடந்த சோதனைகளில் தப்பிச் செல்ல ஏறத்தாழ 17 நிமிடம் கிடைத்தது. 2004இல் வெளிவந்த சோதனை முடிவுகளில், கொழுந்துவிட்டெரியும் தீயில் அது ஏறத்தாழ 3 நிமிடமாகச் சுருங்கிவிட்டது. இக்காலத்து மெத்தைகளும் இருக்கைகளும் விரைந்தெரிவதே இதற்குக் காரணமெனக் கூறப்பட்டது.

மூடிய அறைக்குள் தீ எழுந்தால் கூடத்திலுள்ள கருவிக்குப் புகை தாமதித்தே வரும். கதவடைத்து உறங்குவோருக்கு ஒலியும் தேய்ந்தே கேட்கும். செவி மந்தமான முதியோர் அக்கீச்சொலியைக் கேளாதிருக்கலாம். அயர்ந்துறங்கும் சிறுவரும் பலவேளை விழிப்பதில்லை. அவர்களை எழுப்புவது இன்னார் பொறுப்பென வீட்டில் முன்னரே பேசி வைத்திருக்க வேண்டும். கூரை வீடாயின் இன்னொரு குறையும் உண்டு. வெளியிலிருந்து பொறி பறந்து ஓலையிற் பற்றினால் புகை மேலே சென்றுவிடும். கீழே தொங்கும் கருவிக்குச் செய்தி பிந்தியே எட்டும். சமையல் வாயுக் கசிவையும் இது அறியாது. அவ்வாயு காற்றினும் கனமானது, தரையோடு தவழும். மணமும் நிறமுமற்ற கார்பன் மோனாக்சைடும் இதற்குப் புலப்படாது. அதற்கெனத் தனிக்கருவி உண்டு.

தாளிக்கும் புகைக்கும் தறியின் பஞ்சுத் தூசுக்கும் வீணே கூவுவது இதன் தொல்லை. சினந்து பாட்டரியைக் கழற்றிவிடுவோர் எந்நாட்டிலும் உண்டு. கழற்றிய கருவி சுவரலங்காரமே. அடுப்பிலிருந்து 10 அடியேனும் தள்ளி மாட்டினால் தொல்லை குறையும். மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். அப்போது எழும் ஒலி, மின்சாரமும் மணியும் செம்மையாயிருப்பதைக் காட்டும்; தூசு அடைத்த துவாரத்தின் வழியே புகை புகுமா என்பதைக் காட்டாது. ஆகையால் தூரிகையால் தூசைத் துடைத்து வருவதோடு, 10 ஆண்டு கழிந்த கருவியை, அது கூவினாலும், மாற்றிவிட வேண்டும்.