கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மெக்கானிக்

ஐப்பசி அடைமழையில் கல்லணைக் கால்வாய்க் கரையில் ஒருவர் நின்றுபோன வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார் என்று வையுங்கள். எதிரே வருகிறவர் "எந்த ஷோரூம்?" என்று கேட்பதில்லை. "யார்கிட்ட காட்டுறீங்க?" என்றுதான் கேட்பார். காய்ச்சல் வந்தவரிடம் கேட்கிற அதே கேள்வி. காவிரி டெல்டாவில் வண்டி வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் இந்தக் கேள்விக்குப் பதிலாக ஓர் ஆள் இருந்தார். இன்று பலரிடம் ஒரு போன் நம்பர்தான் இருக்கிறது. அதை எடுத்துப் பேசுகிற குரலும் அடிக்கடி மாறிவிடுகிறது.

தஞ்சாவூர்ப் பக்கம் இரு சக்கர வண்டி மாட்டு வண்டியின் வாரிசு. காலையில் பால் கேன், பத்து மணிக்கு உரமூட்டை, சாயங்காலம் புல்லுக்கட்டு, நடுவில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு முறை வந்துவிட்டதா என்று பார்த்து வருவது எல்லாம் அதில்தான். 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தபோது, இரண்டு பேர் உட்கார்ந்து போகலாம் என்பதே அதன் பெருமையாக இருந்தது. பின்னால் வந்த எக்ஸ்எல்லில் நம்மவர்கள் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை, நடுவில் ஓட்டுகிறவர் என்று ஏற்றினார்கள். அத்தனையையும் அது இழுத்தது என்றால், பாதிப் புகழ் கம்பெனிக்கு, மீதிப் புகழ் ஊர் மெக்கானிக்குக்கு.

டிவிஎஸ் என்ற மூன்றெழுத்துக்கும் தஞ்சாவூருக்கும் பழைய உறவு உண்டு. டி.வி. சுந்தரம் அய்யங்கார் நூறாண்டுகளுக்கு முன் நடத்திய தொடக்க காலப் பேருந்துத் தடங்களில் ஒன்று தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே ஓடியது. மாட்டு லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள் டயரைக் குத்தாமல் இருக்க, காந்தம் கட்டிய வண்டியை ரோட்டில் விட்டுப் பொறுக்க வைத்தார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வாடிக்கையாளர் வாய் திறந்து புகார் சொல்வதற்கு முன்பே அவருடைய சிரமத்தை யோசித்த காரியம் அது. சர்வீஸ் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காந்தம்தான் நினைவுக்கு வருகிறது.

மூன்று வருஷத்துக்கு முன் என் வண்டியில் இன்ஜின் லைட் எரிய ஆரம்பித்தது. மஞ்சளாக, அணையாமல். தஞ்சாவூரில் ஒரு பெரிய ஷோரூமில் கொண்டுபோய் விட்டேன். வரவேற்பில் குறை ஒன்றுமில்லை. குளிர்சாதன அறை, சோபா, தண்ணீர் பாட்டில், ஜாப் கார்டு, கையெழுத்து. சர்வீஸ் அட்வைசர் என்ற தம்பி மரியாதையாகப் பேசினார். அடுத்த நாள் போன் வந்தது: சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும், பார்ட் வர ஒரு வாரம் ஆகும். "யாரு தம்பி பார்த்தது?" என்றேன். "டெக்னீஷியன் பார்த்தாரு சார்." "அவர்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசலாமா?" "கஸ்டமர் உள்ள போக பெர்மிஷன் இல்ல சார்."

வண்டியை எடுக்கப் போன அன்று, காத்திருக்கும் அறையின் கண்ணாடி வழியாக என் வண்டி மேடையில் நிற்பது தெரிந்தது. பக்கத்தில் இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன். அவனும் என்னைப் பார்த்தான். நான் அவனிடம் சொல்ல நினைத்தது ஒரே விஷயம்தான். எங்கள் ஊர்த் தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும்போது கடந்து வந்த அன்றுதான் அந்த லைட் எரிய ஆரம்பித்தது. ஜாப் கார்டில் அதை எழுத இடமில்லை. அட்வைசரிடம் சொன்னேன், அவர் 'லைட் கம்ப்ளெயின்ட்' என்று எழுதிக்கொண்டார். புது சென்சாருக்குப் பணம் கட்டினேன். அடுத்த மழையில் மறுபடியும் லைட் எரிந்தது.

பிறகு எங்கள் ஊர்ப் புளியமரத்தடிக் கடைக்குப் போனேன். மெக்கானிக் வண்டியைத் தொடும் முன்பே, "எங்கண்ணே போய்ட்டு வந்தீங்க?" என்றார். தரைப்பாலம் என்றதும் சீட்டைக் கழற்றி, ஒயர் இணைப்பு ஒன்றைப் பிரித்துக் காட்டினார். உள்ளே பச்சை பூத்திருந்தது. துடைத்து, கிரீஸ் வைத்து மாட்டினார். "சரியாப் போச்சுண்ணே. ஆனா லைட் உடனே அணையாது. கொஞ்ச நாள் ஓட்டினா தானா அணைஞ்சாலும் அணையும். இல்லன்னா ஷோரூம்லதான் அழிக்கணும், அந்த மிஷின் என்கிட்ட இல்ல." ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

பெரிய கடை கெட்டது, சின்னக் கடை நல்லது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஷோரூம் பையனுக்கு வேலை தெரியாமல் இல்லை. அவனும் என்னைப் போலத்தான் கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்டிருந்தான். வண்டியைத் தொடுகிறவரும் ஓட்டுகிறவரும் பேசிக்கொள்ளாத இடத்தில் நல்ல சர்வீஸ் நடக்காது என்பதுதான் நான் பார்த்த உண்மை. தண்ணீர் பாட்டிலும் சோபாவும் அந்தப் பேச்சுக்கு ஈடாகாது.

சின்னக் கடையின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பில் கிடையாது. போட்டது கம்பெனி ஸ்பேரா, டூப்ளிகேட்டா என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். "நாளைக்கு வாங்க" என்ற சொல்லுக்கு அங்கே எல்லையே இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை பெண்களை நடத்துகிற விதம். 2018 பிப்ரவரியில் தமிழக அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் தரும் திட்டத்தைத் தொடங்கியது. மானியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இன்று டெல்டாவில் ஆசிரியைகள், செவிலியர்கள், ஜவுளிக் கடையில் நிற்கும் பெண்கள் என்று ஸ்கூட்டரை நம்பி வாழ்கிறவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவர் மெக்கானிக் கடைக்குப் போய் பிரேக் பிடிக்கவில்லை என்றால், "வீட்ல அண்ணன் இருந்தா வரச்சொல்லும்மா" என்ற பதில் வருகிறது. பல கடைகளில் உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை. எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் இதனாலேயே இருபது கிலோமீட்டர் தாண்டி ஷோரூமுக்குப் போகிறார். "அங்க என்கிட்டயே பேசுறாங்க, என் பேர்லயே பில் போடுறாங்க" என்றார். அவரைப் பொறுத்தவரை கண்ணாடி அறை ஒரு விடுதலை. ஊர் மெக்கானிக்குகள் இதை அவமானமாக எடுத்துக்கொண்டு மாற வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் இன்னொரு இனம் இருந்தது. மன்னார்குடி, பட்டுக்கோட்டை, பாபநாசம் போன்ற ஊர்களில் நான்கைந்து வண்டிகளை வாசலில் நிறுத்தி, பின்னாலேயே பட்டறையும் வைத்திருந்த சின்ன டீலர்கள். அப்படி ஒரு கடையில் என் அப்பா பாதிப் பணம் கொடுத்து வண்டி எடுத்து, மீதியைத் தை அறுப்பு முடிந்து கொடுத்தார். இரண்டாம் மாதமே கடைக்காரர் எங்கள் வயல் வரப்பில் வந்து நின்றார். பணம் கேட்க அல்ல, வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்க. பயிரையும் ஒரு பார்வை பார்த்திருப்பார், அதில் தப்பில்லை. இன்று ஃபைனான்ஸ் கம்பெனியின் டியூ மாதாமாதம் ஐந்தாம் தேதி வந்து நிற்கிறது. குறுவையும் சம்பாவும் மாதச் சம்பளம் தருவதில்லை என்பது கணினிக்குத் தெரியாது.

பெரிய கம்பெனி வளர்வதற்குச் சின்னக் கடையை ஒழிக்க வேண்டியதில்லை என்பதற்கு ஹோண்டாவே சாட்சி. 1952-ல் ஜப்பானில் சைக்கிளில் பொருத்தும் சின்ன இன்ஜின் ஒன்றை விற்க, சொய்ச்சிரோ ஹோண்டாவின் கூட்டாளி தக்கேயோ ஃபுஜிசாவா நாடு முழுவதும் சுமார் 50,000 சைக்கிள் கடைகளுக்குக் கடிதம் எழுதினார். இன்ஜினை விற்கவும் பழுதுபார்க்கவும் தெருமுனைச் சைக்கிள் கடைக்காரரையே நம்பினார். அந்த வலைப்பின்னலின் மேல்தான் ஹோண்டா எழுந்தது. நம் ஊரின் மூத்த மெக்கானிக்குகளும் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டித் தொழில் கற்றவர்கள்தானே.

அந்த நம்பிக்கை அறுந்த இடத்தைத் தேதியோடு சொல்லலாம். 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பிஎஸ்-6 என்ற புகை வரம்புக்குள் வரும் வண்டிகளை மட்டுமே விற்க முடியும் என்றானது. காற்றுக்கு நல்லது, தேவையான விதி. ஆனால் கார்ப்பரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்தது. எக்ஸ்எல் 100-க்குக்கூட வந்துவிட்டது. ஜெட் அடைப்பை ஊதிச் சரிசெய்தவர், பிளக்கின் நிறத்தைப் பார்த்து நோய் சொன்னவர், இப்போது ஒரு ஸ்கேனர் முன்னால் கைகட்டி நிற்கிறார். கம்பெனிகளின் ஸ்கேனர்கள் அவற்றின் ஷோரூம்களுக்குத்தான் போகின்றன. வெளியில் கிடைக்கிற பொதுவான கருவி எல்லா வண்டிக்கும் முழுதாகப் பேசாது.

கார் விஷயத்தில் இந்தச் சண்டை முன்பே நடந்தது. உதிரிப்பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிக் கடைகளுக்குத் தராமல் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியில் பழுதுபார்த்தாலே வாரண்டி போய்விடும் என்ற நிபந்தனையையும் அது கண்டித்தது. நிறுவனங்கள் நீதிமன்றம் போயின; வழக்கு நீண்டது. 2022 டிசம்பரில் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக ஓர் இணையதளம் திறந்தது. அது தேர்ந்தெடுத்த துறைகளில் வாகனமும் ஒன்று. இணையதளத்தால் புளியமரத்தடிக்கு ஸ்கேனர் வந்துவிடாது. சட்டம் வேண்டும்.

நடுவில் ஆளே வேண்டாம் என்று டீலர்களை முழுதாக விலக்கிய முறையையும் நாம் பார்த்துவிட்டோம். கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி அருகே தொழிற்சாலை வைத்திருக்கும் ஓலா எலெக்ட்ரிக், சொந்தக் கடைகள் வழியாகவே ஸ்கூட்டர் விற்றது. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதற்கு நோட்டீஸ் அனுப்பியபோது, ஓராண்டில் தேசிய உதவி எண்ணுக்கு வந்திருந்த புகார்கள் 10,644. 99.1 விழுக்காட்டைத் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பதில் சொன்னது. அதற்கு முந்தைய மாதம் கர்நாடகத்தின் கலபுரகியில் ஒரு வாடிக்கையாளர் ஆத்திரத்தில் அந்நிறுவனத்தின் ஷோரூமுக்குத் தீ வைத்துக் கைதானார். செய்தது குற்றம்தான். ஆனால் அவர் தொழிலால் ஒரு மெக்கானிக் என்று படித்தபோது எனக்கு மனசு கனத்தது. ஊர் வண்டியையெல்லாம் சரிசெய்கிறவர், தன் வண்டியை எங்கே காட்டுவது என்று தெரியாமல் நின்றிருக்கிறார்.

காட்டுவதற்கு ஊரிலேயே ஓர் ஆள் இருப்பதன் அருமை புயலில் தெரிந்தது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வந்த பிறகு எங்கள் பக்கத்து ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மருந்துக்கும் தண்ணீருக்கும் வண்டிதான் கதி, பாதி வண்டிகளில் தண்ணீர் புகுந்திருந்தது. ஷோரூமில் கணினி இல்லாமல் ஜாப் கார்டு போட முடியாது. மரத்தடி மெக்கானிக்குகள்தான் "கிக்கர அடிக்காதீங்க, உள்ள போன தண்ணி இன்ஜினைக் கெடுத்துரும்" என்று ஆளாளுக்குச் சொல்லி, பிளக்கைக் கழற்றி, ஆயிலை வடித்து, மாற்று ஆயில் ஊற்றி ஓட்டிப் பார்த்துக் கொடுத்தார்கள். பாதிப் பேரிடம் காசு வாங்கவில்லை. அடுத்த புயல் வரும்போது ஊரில் இருப்பதெல்லாம் இன்ஜெக்ஷன் வண்டியாக இருக்கும். அவர்கள் கையில் கருவி இருக்குமா?

வண்டிக் கம்பெனிகளைக் கேட்டுக்கொள்கிறேன்: ஊர் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் ஸ்கேனரும் நியாய விலைக்குத் தாருங்கள், கம்பெனி ஸ்பேரை அவர்களும் நேராக வாங்க வழி செய்யுங்கள். ஷோரூம் முதலாளிகளே, வண்டி விடுகிறவர் மெக்கானிக்கோடு ஐந்து நிமிஷம் பேச ஒரு கதவைத் திறந்து வையுங்கள். மெக்கானிக் அண்ணன்மார்களே, ஒரு துண்டுச் சீட்டிலாவது போட்ட பாகத்தையும் விலையையும் எழுதிக் கொடுங்கள். ஸ்கூட்டர் தள்ளி வருகிற பெண்ணிடமே பேசுங்கள்.

வாசகர்களுக்கும் ஒன்று. எந்தக் கடையில் விட்டாலும் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வாங்கிய பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடக் கட்டணம் கிடையாது. வண்டி வாங்கிய ஊர் எதுவானாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.